தம்பிக்கு, அந்தப் படர்தாமரை பற்றி

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. தங்கச்சி ஏ.எல். பரீட்சைக்கு ராப்பகலாகப் படிக்கிறாள். மழைதான் விட்டபாடில்லை.

போனில் கேட்டால், அறையில் மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். தொடையிடுக்கில் வந்ததைப் பற்றி அம்மாவிடம் பேச உனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கு இல்லை. வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இத்தனை வருடமாக ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் குளிப்பாட்டித் துடைத்த கை இது. அழுக்காக இருக்கிறவர்களுக்குத்தான் படர்தாமரை வரும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. வேர்வையும் ஈரமும் உராய்வும் ஓர் இடத்தில் சேர்ந்தால் யாருக்கும் வரும். கொழும்பு வெக்கையில் 12 மணி நேரம் செக்யூரிட்டி உடுப்பையும் பூட்ஸையும் போட்டுக்கொண்டு நிற்கிறவனுக்கு வராமல் இருந்தால்தான் அதிசயம்.

"கிறீம் பூசினால் போகுது, விட்டால் திரும்ப வருது" என்றாய். தம்பி, அது போகவே இல்லை. இது ஒரு பங்கசு, பூஞ்சணம் என்பார்களே, அது. தோலின் மேல்தட்டிலும் முடியிலும் நகத்திலும் இருக்கிற கெரட்டின் என்ற பொருளைத் தின்று வாழ்கிறது. நின்ற இடத்திலிருந்து வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே போவதால்தான் நடுவில் ஆறினது போலவும் ஓரம் மட்டும் சிவந்து பொருக்குத் தட்டியும் வட்டமாகத் தெரிகிறது. உயிரோடு இருப்பது அந்த ஓரத்தில். அதற்கும் வெளியே, கண்ணுக்கு நல்ல தோலாகத் தெரிகிற இடத்திலும் அது இருக்கும். அதனால் மருந்தை வட்டத்துக்கு வெளியே 2 சென்ரிமீற்றர் தள்ளியும் பூச வேண்டும். அரிப்பு நின்ற அன்றைக்கே டியூபை மூடி வைத்துவிடக் கூடாது. தோல் முழுதாகத் தெளிந்த பிறகும் ஒன்று, இரண்டு கிழமை பூச வேண்டும்.

இதெல்லாம் சரியான மருந்தாக இருந்தால். எனக்குப் பெரிய பயம் உன் கையில் இருக்கிற அந்தக் கிறீம்தான். டாக்டர் எழுதின துண்டு கேட்காமல் ஒரு பாமசியில் தந்ததாகச் சொன்னாய். டியூபைத் திருப்பி, பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிற பெயர்களை வாசித்துப் பார். குளோட்ரிமசோல் என்று மட்டும் இருந்தால் அது பங்கசுக்கான மருந்து. குளோபீட்டசோல், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீரொய்ட். குளோட்ரிமசோலும் குளோபீட்டசோலும் பெயரில் ஒன்று போலத் தெரியும், வேலையில் நேர் எதிர். இரண்டையும் ஒரே டியூபில் கலந்தும் விற்கிறார்கள். ஸ்டீரொய்ட் பூசினதும் சிவப்பு மறையும், அரிப்பு அடங்கும், இரவில் தூக்கம் வரும். உன் உடம்பு பங்கசோடு போராடுவதை அது அடக்கிவிடுவதால் வருகிற சுகம் அது. ராத்திரி தணலைச் சாம்பலால் மூடி வைக்கிறோமே, காலையில் ஊதினால் நெருப்பு இருக்கும், அதே மாதிரி. மேலே ஆறினது போல இருக்க, அடியில் அது பரவும். வட்டமும் குலைந்துபோய், டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் ஆகும். தொடையிடுக்குத் தோல் மெல்லியது. மாதக்கணக்கில் பூசினால் தோல் இன்னும் மெலிந்து வரிவரியாகப் பிளந்த தழும்பு விழும், அது அழியாது.

ஆகவே லீவு போட்டாவது தேசிய வைத்தியசாலையில் தோல் டாக்டரைப் பார். அரசாங்க ஆஸ்பத்திரி, காசு கேட்க மாட்டார்கள். அந்த டியூபையும் கையோடு கொண்டுபோய்க் காட்டு. என்ன பூசினாய், எவ்வளவு காலம் பூசினாய் என்று மறைக்காமல் சொல். ஸ்டீரொய்டை நிறுத்தினால் சில நாள் சிவப்பும் அரிப்பும் கூடும். அதைப் பார்த்துப் பயந்து பழைய டியூபைத் திரும்பவும் கையில் எடுக்காதே. டாக்டர் ஓரத்தைச் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம், வலிக்காது. பரவியிருந்தால் குளிசையும் தருவார். கூட்டாளியின் குளிசையை வாங்கிப் போடுவது, பாதியில் விடுவது, இரண்டும் வேண்டாம். தங்கச்சி வாசித்துக் காட்டினாள்: டெர்பினஃபின் என்ற மருந்துக்கு மசியாத ஒரு வகைப் பங்கசு இந்தியாவில் பரவி, வேறு நாடுகளிலும் காணப்படுகிறதாம். 2020இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் அதற்கு ட்ரைக்கோபைட்டன் இன்டோட்டினியே என்று பெயர் வைத்தார்களாம். அதனால்தான் ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்வதைக் கேட்காதே என்கிறேன்.

காலையும் பார். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால், நகம் மஞ்சளாகித் தடித்திருந்தால், அதையும் டாக்டரிடம் காட்டு. காலிலிருந்துதான் பல பேருக்குத் தொடைக்கு ஏறுகிறது. ஜட்டியைக் காலில் மாட்டும்போது பாதத்தில் பட்டு மேலே போகும். அதனால் முதலில் சொக்ஸ், பிறகு ஜட்டி. காலுக்கு ஒரு துவாய், உடம்புக்கு ஒரு துவாய்.

போடிங்கில் நாலு பேரும் ஒரே கொடியில் துவாய் காயப்போட்டு, கைக்கு அகப்பட்டதில் துடைத்துக்கொள்கிறீர்கள் என்று தெரியும். மற்றவர்களில் யாருக்காவது இருந்தால் அவனும் உன்னோடு சேர்ந்தே மருந்து செய்ய வேண்டும். பிள்ளைக் காம்பராவில் நான் கண்ட சங்கதி இது. ஒரு பிள்ளைக்குத் தலையில் வட்டமாக முடி கொட்டும். டாக்டர் குளிசை கொடுப்பார், தலையில் வந்தால் கிறீம் மட்டும் போதாது, முடி வேர் வரை போகாது. பிள்ளைக்குக் குணமாகும். வீட்டில் அக்காளுக்கும் தம்பிக்கும் அதே சீப்பு, அதே தலையணை. அடுத்த மாதம் பிள்ளை பழையபடி வந்து நிற்கும். தோட்டத்து லய வரிசையில், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் தாயை மட்டும் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்? வீட்டோடு எல்லோரையும் பார்த்தால்தான் தீரும். பூனைக் குட்டியிலிருந்தும் ஒட்டும்.

உடுப்பிலும் துவாயிலும் இதன் வித்து மாதக்கணக்கில் கிடக்கும். ஜட்டி, சொக்ஸ், துவாய், படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் 60 பாகைக்குக் குறையாத சுடுதண்ணீரில் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவிடு. ஈரம் போகாத ஜட்டியை அவசரத்துக்குப் போடாதே. இறுக்கமான ஜீன்ஸும் இப்போதைக்கு வேண்டாம்.

அப்பாயி வண்டுகொல்லி இலையை அரைத்து எலுமிச்சம் புளி விட்டுப் பூசச் சொல்கிறார். அந்த இலைக்குப் பங்கசை அடக்கும் குணம் உண்டு, அவர் சொல்வது வெறும் பேச்சில்லை. ஆனால் ஏற்கெனவே மெலிந்த தோலில் புளி பட்டால் வெந்துவிடும். உனக்கு அது வேண்டாம். அப்பாயியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து லயத்து அண்ணன் கொழும்புக்கு வருகிறார். பருத்தி ஜட்டி ஆறும் இரண்டு துவாயும் கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் டியூபின் பின்பக்கத்தைப் படமெடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பு. கிளினிக்குக்கு எந்த நாள் போகிறாய் என்றும் எழுது.

அன்புடன்,
அம்மா