எப்போது திறப்பீர்கள் என்று எழுதிப் போடுங்கள்

ஆசிரியருக்கு,

கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு சின்ன மெஸ், பெயர் வேண்டாம். பத்து வருஷமாக எனக்குக் காலை டிபன் அங்கேதான். சீசன் இல்லாத மழை நாட்களில் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோதும் நாலு இட்லிக்காகக் குடை பிடித்துப் போனவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். இப்போது என்னடா என்றால் ஒருநாள் ஏழு மணிக்குத் திறக்கிறார், மறுநாள் பத்தாகியும் ஷட்டர் ஏறவில்லை, போன வாரம் திறந்திருந்தும் "வேன் பார்ட்டி வருது, அப்புறம் வாங்க" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

2024 மே மாதம் வெளியூர் வண்டிகள் மலைக்கு வர இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதிச் சீட்டு வந்ததிலிருந்து கூட்டத்தைக் கணிக்க முடியவில்லை, ஊருக்குப் போன மாஸ்டரும் திரும்பவில்லை என்கிறார். சரி, கஷ்டம் புரிகிறது. ஆனால் ஒரு சிலேட்டில் 'இன்று 8 முதல் 11 வரை' என்று சாக்பீஸில் எழுதி மாட்ட என்ன செலவாகிவிடும்? கூகுள் மேப்பில் இன்னும் காலை 6 மணி என்றுதான் இருக்கிறது. அதை நம்பி வந்த ஒரு குடும்பம், கம்பளியில் சுற்றிய கைக்குழந்தையோடு பூட்டிய ஷட்டரைத் தட்டிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன்.

நான் இப்போது வீட்டிலேயே உப்புமா கிண்டிக்கொள்கிறேன்.

- ஒரு வாசகர், கொடைக்கானல்