பனங்கையை விறகுக்குப் போட்டுவிடாதே

இன்வர்னஸ்,
ஜனவரி 11

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பொங்கலுக்குள் பதில் எழுதியாக வேண்டும் என்று இன்று உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் மணி ஐந்து, வெளியே கும்மிருட்டு. இந்த மாதத்தில் இங்கே ஒன்பது மணிக்குத்தான் விடியும், நாலுக்கெல்லாம் அடைந்துவிடும்.

நான் மரத்தில் வீடு கட்டியதைக் கேள்விப்பட்டு "தீப்பெட்டிக்குள்ளே குடியிருக்கியாமே" என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷமாகக் கம்பியும் சிமெண்டுமாக வாழ்கிறவன் நீ, கேட்கத்தான் செய்வாய். ஆனால் ஸ்காட்லாந்தில் புதிதாகக் கட்டும் வீடுகளில் நாலில் மூன்றுக்கு மேல் மரச்சட்டத்தில்தான் நிற்கின்றன. வெளியே கல்லோ காரையோ மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. என் வீட்டில் வித்தியாசம், சட்டங்களுக்கு நடுவே அடைத்திருக்கிற சரக்குதான்.

அது என்ன தெரியுமா? பழைய செய்தித்தாள். பஞ்சு பஞ்சாக அரைத்து, போராக்ஸ் வகை உப்பு கலந்து, குழாய் வைத்து 300 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊதி இறுக்கிவிடுகிறார்கள். அந்த உப்பு இருப்பதால் சட்டென்று தீப்பிடிக்காது, பூச்சியும் அண்டாது. அதற்கு வெளியே 60 மில்லிமீட்டர் மரநார்ப் பலகை, பிறகு காற்றோட ஒரு இடைவெளி, கடைசியாக லார்ச் மரப் பலகை. பரணில் மட்டும் செம்மறி ரோமம் விரித்தோம். இங்கே ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற கூலிக்குக்கூட அந்த ரோமம் விலை போவதில்லை என்று பக்கத்துப் பண்ணைக்காரர் புலம்பாத நாளில்லை. உன் பாணியில் கணக்குச் சொன்னால், ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் யூ மதிப்பு, அதாவது சுவர் வழியே சூடு கடத்தப்படும் அளவு, கிட்டத்தட்ட 2. என் சுவருக்கு 0.12. நம்மூர்ச் சுவர் பதினாறு மடங்கு சூட்டை வெளியே விடுகிறது.

தீ பற்றி நீ கேட்டது நியாயமான கேள்வி. கனத்த உத்திரம் என்றால் நிமிஷத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் கரியும், அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசம். என் வீட்டுச் சட்டங்கள் அவ்வளவு கனம் இல்லை. அவற்றை உள்பக்கத்து ஜிப்சம் போர்டுதான் காக்க வேண்டும். கரையான் இந்த ஊரில் கிடையாது.

இங்கே மரத்துக்கு எமன் ஈரம். மழைகூட இல்லை, நாம் விடுகிற மூச்சு! உன் தங்கச்சி ரசம் கொதிக்க வைக்கிற ஆவி, வெந்நீர்க் குளியல், காயப்போட்ட துணி எல்லாம் ஓட்டை வழியே சுவருக்குள் புகுந்து, குளிர்ந்த பக்கத்தில் போய் நீராய் நிற்கும். பத்து வருஷத்தில் சட்டம் உளுத்துவிடும். அதனால் உள்பக்கம் காற்றுப் புகாமல் ஒரு படலம் ஒட்ட வேண்டும், வெளிப்பக்கம் ஈரம் போக வழி விட வேண்டும். காகிதமும் மரநாரும் கொஞ்சம் ஈரத்தை வாங்கி வைத்துப் பிறகு விட்டுவிடும். பிளாஸ்டிக் நுரைக்கு அந்தக் குணம் கிடையாது.

இதில்தான் நான் சூடுபட்டேன். ஜிப்சம் அடிப்பதற்கு முன் வாசல் கதவில் பெரிய காற்றாடி கட்டி 50 பாஸ்கல் அழுத்தத்தில் சோதனை செய்வார்கள். மணிக்கு எத்தனை தடவை வீட்டுக் காற்று மாறுகிறது என்று பார்ப்பது. மிகக் குறைந்த சூட்டுச் செலவில் ஓடும் வீடுகளுக்கு ஜெர்மனியில் பாசிவ் ஹவுஸ்காரர்கள் வைத்திருக்கும் வரம்பு 0.6. எனக்கு வந்தது 2.1. புகைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாகத் தவழ்ந்தேன். சமையலறைச் சுவரில் முழங்கால் உயரத்தில் புகை திடீரென்று வளைந்து படபடத்தது. ஒயர் இழுக்க வந்த பையன் மெனக்கெட்டு ஒட்டியிருந்த படலத்தில் கட்டைவிரல் பருமனுக்குப் பதினோரு ஓட்டை போட்டிருந்தான்! அத்தனையையும் டேப் ஒட்டி மூடி மறுபடி சோதித்ததும் 0.9-க்கு இறங்கியது. அதற்கு மேல் முதுகு ஒத்துழைக்கவில்லை.

இவ்வளவு இறுக்கினால் மூச்சு முட்டாதா என்பாய். வெளியே போகிற காற்றின் சூட்டைப் பிடுங்கி உள்ளே வருகிற காற்றுக்குக் கொடுக்க ஒரு பெட்டி ஓடுகிறது. தாளிப்பு வாசனை மறுநாள் நிற்பதில்லை. உன் தங்கச்சிக்கு இந்த வீட்டில் பிடித்தது அது ஒன்றுதான்.

2024 ஏப்ரலிலிருந்து இங்கே அனுமதி கேட்கும் புது வீட்டில் கேஸ் பாய்லர் வைக்க முடியாது. நம்ம ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி ஹீட் பம்ப் வைத்திருக்கிறேன். ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் மூன்று யூனிட் சூடு. கூரையில் சோலாரும் உண்டு, அதைப் பெருமையாகச் சொல்ல மாட்டேன். ஜூனில் நல்ல வெயில் நாள் ஒன்று தந்ததை டிசம்பரில் பத்து நாள் சேர்ந்தும் தரவில்லை. குளிர்காலத்தில் நம் கயத்தாறு மாதிரி மலையெல்லாம் நிற்கும் காற்றாலைகள்தான் கைகொடுக்கின்றன.

கார்பன் கணக்கையும் கேட்டிருந்தாய். ஒரு கனமீட்டர் ஸ்ப்ரூஸ் மரம் சுமார் 450 கிலோ. உலர்ந்த மரத்தில் பாதி கார்பன் என்றால் 225 கிலோ, கரியமில வாயுவாக மாற்றினால் 825 கிலோ வருகிறது. என் வீட்டில் 18 கனமீட்டர், கிட்டத்தட்ட 15 டன். ஆனால் இதைப் புண்ணியம் சேர்த்த மாதிரி பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். மரம் எரிந்தாலோ மக்கினாலோ அத்தனையும் திரும்ப வானத்துக்குத்தான். நாம் கொஞ்ச காலம் தள்ளிப்போட்டிருக்கிறோம், அவ்வளவே. அஸ்திவாரத்துக்கு நானும் கான்கிரீட்தான் போட்டேன், சிரித்துக்கொள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அம்பாசமுத்திரத்து ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு மாடி கட்டப் போவதாக எழுதியிருந்தாய். என்னை மாதிரி மரச்சட்ட வீடு கட்டு என்று சொல்ல மாட்டேன். அங்கே கரையான் விடாது, மரத்துக்கு விலையும் கட்டுப்படியாகாது. எங்களுக்குச் சூட்டை உள்ளே பிடித்து வைக்க வேண்டும், உனக்கோ வரவிடாமல் தடுக்க வேண்டும். நீ கான்கிரீட் தட்டட்டியே போடு, ஆனால் பகலெல்லாம் வெயிலைக் குடித்து ராத்திரி கக்கும்படி வெறுமனே விடாதே. மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு, பழைய கூரை ஓடுகளையே வேய்ந்துவிடு. மேற்குச் சுவருக்கும் ஒரு தாழ்வாரம் இறக்கு.

அதற்குத்தான் கேட்கிறேன், ஓட்டைத் தாங்க தாத்தா போட்ட பனங்கைகளை, அந்தப் பனைமரச் சட்டங்களை, விறகுக்காரனுக்குக் கொடுத்துவிட்டாயா? கொடுக்கவில்லையென்றால் நிறுத்து. நாம் ஊஞ்சல் கட்டி ஆடியபோதே அதற்கு அறுபது வயசிருக்கும். ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பார். கணீரென்றால் வைரம் பாய்ந்தது, வை. பொத்தென்றால் தள்ளு. சுவருக்குள் புதைந்திருந்த முனைதான் கெட்டிருக்கும், அதை ஒரு முழம் அறுத்துவிட்டாலும் தாழ்வாரத்துக்கு நீளம் போதும். தேறினது எத்தனை, என்ன நீளம் என்று உடனே எழுது. பங்குனியில் வரும்போது நானும் கூட நின்று ஏற்றுகிறேன்.

மதினியிடம் மாவடு கேட்டதாகச் சொல்.

உன்,
சங்கரன்