பிரசவ அறையில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. 2019–21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கு 99.6 விழுக்காடு குழந்தைகள் மருத்துவமனைகளில்தான் பிறக்கின்றன. கிராம சுகாதார செவிலியர் தொடங்கி 108 ஊர்தி ஓட்டுநர் வரை எத்தனையோ பேருடைய உழைப்பால் வந்த நிலை இது. பிரசவ வார்டில் பல ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வுபெற்ற செவிலியர் என்ற முறையில் எனக்கும் இதில் பெருமை உண்டு. ஆனால், தலைப்பிரசவத்துக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் உள்ளே தமக்கு என்னென்ன செய்யப்போகிறார்கள் என்பதை அறியாமலேயே அந்தக் கட்டிலில் ஏறிப் படுக்கிறார்கள். கர்ப்ப காலம் முழுவதும் எடை பார்க்கிறோம், இரத்த அழுத்தம் பார்க்கிறோம், இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம், ஸ்கேன் எடுக்கிறோம். பிரசவ நாளைப் பற்றி மட்டும் "வலி வந்தா உடனே வந்துடுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். எட்டாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்கி, கர்ப்பிணிக்கும் அவருடன் வரப்போகும் பெண்ணுக்கும் இவற்றைக் கட்டாயம் விளக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையையும் தனியார் மருத்துவமனைகளையும் கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

முதலில் சொல்ல வேண்டியது வலியைப் பற்றி. சூட்டு வலி, பொய் வலி என்று வீட்டில் சொல்வது விட்டுவிட்டு வரும். சற்று நடந்தாலோ ஓய்வெடுத்தாலோ அடங்கிவிடும். பிரசவ வலியோ முதுகிலிருந்து அடிவயிற்றுக்குப் பரவி, சீரான இடைவெளியில், நேரம் ஆக ஆக நெருங்கியும் கூடியும் வரும். பனிக்குடம் உடைந்தாலும், இரத்தம் பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கினாலும் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது; உடனே புறப்பட வேண்டும். பனிக்குட நீர் எத்தனை மணிக்கு வெளியேறியது, தெளிவாக இருந்ததா, பச்சையாக இருந்ததா என்பதைக் கவனித்து வந்து சொன்னால், மருத்துவருக்கு அது பேருதவி. நீர் பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள்; அப்போது கண்காணிப்பு கூடுதலாகத் தேவைப்படும்.

வார்டுக்கு வந்தபின் பெண்களை அதிகம் அதிரவைப்பது உள் பரிசோதனைதான். கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை விரல்களால் பார்ப்பதற்குப் பெரிய கருவி ஏதும் வேண்டாம். ஆனால் "இப்போது பார்க்கப்போகிறேன், மூச்சை மெல்ல விடு, வலித்தால் சொல்" என்ற ஒரு வாக்கியம் வேண்டும். அது சொல்லப்படாத இடங்களில் பெண்கள் உடம்பை இறுக்கிக்கொள்வதையும், இறுக்குவதாலேயே வலி இரட்டிப்பாவதையும், அதற்காக அவர்களே திட்டு வாங்குவதையும் பார்த்திருக்கிறேன். கருப்பை வாய் பத்து சென்டிமீட்டர் திறக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைகளின்படி, ஐந்து சென்டிமீட்டரிலிருந்துதான் பிரசவம் வேகம் பிடிக்கும் கட்டமாகக் கொள்ளப்படுகிறது. அதன் பிறகும் தலைப்பிரசவத்தில் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். இதை முன்பே அறிந்திருந்தால், இரண்டு சென்டிமீட்டரில் வந்து சேர்ந்து, நெடுநேரமாகியும் பிள்ளை பிறக்கவில்லையே என்று கலங்கும் பெண்ணும், வெளியே நின்று "ஏதோ சொல்லாமல் மறைக்கிறார்கள்" என்று பதறும் அவருடைய தாயும் சற்று நிம்மதியாக இருப்பார்கள்.

அதே பரிந்துரைகள், பிரசவிக்கும் பெண் விரும்பும் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்கின்றன. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017-இல் மத்திய அரசு தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் இதையே வலியுறுத்துகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உடனிருப்புப் பெண் என்ற ஏற்பாடு பழக்கத்தில் இருந்தும், கட்டில்களுக்கு நடுவே ஒரு திரைச்சீலை இல்லை என்ற காரணத்தால் பல இடங்களில் அவர் வாசலோடு நிறுத்தப்படுகிறார். இடுப்பைப் பிடித்துவிடவும், தண்ணீர் கொடுக்கவும், கையைப் பற்றிக்கொள்ளவும் ஒருவர் இருந்தால் போதும். கத்தல் பாதியாகக் குறையும். சிக்கல் இல்லாத பெண் எழுந்து நடக்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், கஞ்சியோ பழச்சாறோ குடிக்கலாம். எனிமா கொடுப்பதும், மயிரை மழிப்பதும், எல்லாருக்கும் பிறப்பு வாயிலில் வெட்டித் தையல் போடுவதும் வழக்கமாகச் செய்யத் தேவையற்றவை. குழந்தையை வெளியே கொண்டுவர மேல் வயிற்றை அழுத்தித் தள்ளுவது செய்யவே கூடாதது. இவற்றைத் தெரிந்துகொண்ட பெண், மரியாதை குறையாமல் "இது எனக்கு அவசியமா, சிஸ்டர்?" என்று கேட்க முடியும். அப்படிக் கேட்பதை எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ளும் மனப்பான்மையை எங்கள் துறையினர் விட்டுவிட வேண்டும்.

குழந்தை பிறந்ததோடு முடிந்துவிட்டது என்று நினைப்பதும் பிழை. உண்மையில் நாங்கள் மிகவும் அஞ்சும் நேரம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி தொடையில் போடப்படும். நஞ்சுக்கொடி வழக்கமாக அரை மணிக்குள் வெளியேறும். அடுத்த இரண்டு மணி நேரம் செவிலியர் அடிக்கடி வந்து அடிவயிற்றில் கையை வைத்து, கருப்பை சுருங்கிக் கிரிக்கெட் பந்து போல் கெட்டிப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். தொளதொளப்பாக இருந்தால் தேய்த்துவிடுவார். இரத்தம் எவ்வளவு போகிறது என்பதையும் துணியை விலக்கிப் பார்ப்பார். களைத்துக் கிடக்கும் தாய்க்கு இது கொடுமையாகத் தோன்றும். எங்கள் கையைத் தட்டிவிடுவார்கள். அளவு மீறிய இரத்தப்போக்குதான் பிரசவித்த தாய்மாரின் உயிரைப் பறிக்கும் முதன்மைக் காரணங்களில் ஒன்று என்பதையும், அதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கத்தான் அந்தக் கை அங்கே வைக்கப்படுகிறது என்பதையும் முன்பே கேட்டிருந்த பெண் ஒருபோதும் தட்டிவிட மாட்டார். குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்போடு சேர்த்துக் கிடத்துவதும், ஒரு நிமிடமாவது பொறுத்துத் தொப்புள்கொடியைக் கிளிப் போட்டு வெட்டுவதும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பதும் இதே நேரத்தில் நடக்க வேண்டியவை. சேனை வைக்கிறோம், சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறோம் என்று பெரியவர்கள் வற்புறுத்தினால், அதை மறுக்கும் துணிவு தாய்க்கு அப்போது இருக்காது. அந்தப் பேச்சைக் கர்ப்ப காலத்திலேயே மாமியாரிடமும் அம்மாவிடமும் பேசி முடித்துவிட வேண்டும்.

அறுவை சிகிச்சையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேற்சொன்ன ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. குழந்தையின் இதயத்துடிப்பு தடுமாறும்போது அது உயிர்காக்கும் சிகிச்சை என்பதில் ஐயமில்லை. நல்ல நட்சத்திரம் பார்த்து நாள் குறித்துக்கொண்டு வரும் குடும்பங்களும், பொறுமையாகக் காத்திருக்க மனமில்லாத மருத்துவமனைகளும் இந்த எண்ணிக்கைக்குத் தத்தம் பங்கை ஏற்க வேண்டும். ஏன் தேவைப்படுகிறது என்பதைத் தாய்க்குப் புரியும் தமிழில் சொல்லிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள், நினைவு இருக்கும், வலி இராது, ஆனால் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும் என்பதைப் பெரும்பாலான பெண்கள் அறுவை அரங்கில் படுத்த பிறகே அறிகிறார்கள்.

இதற்குப் பெரிய செலவு பிடிக்காது. பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வந்து வரிசையில் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு நேரத்திலேயே அனுபவமுள்ள ஒரு செவிலியர் பேசலாம். கடைசி மூன்று மாதத்தில் இருப்பவர்களைப் பிரசவ வார்டுக்கு அழைத்துச் சென்று கட்டிலையும், குழந்தையை வெதுவெதுப்பாக வைக்கும் கருவியையும், கழிப்பறையையும் காட்டலாம். தாய் சேய் நல அட்டையில் தடுப்பூசிக்குக் கட்டம் இருப்பது போல, இந்த விளக்கம் தரப்பட்டது என்பதற்கும் ஒரு கட்டமும் கையெழுத்தும் சேர்க்கப்பட்டால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. கட்டில்களுக்கு இடையே திரைச்சீலைகளையும் தொங்கவிட்டு, உடனிருக்கும் பெண்ணை உள்ளே அனுமதிக்குமாறு சுகாதாரத் துறை எல்லா மருத்துவமனைகளுக்கும் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.