பிராஞ்ச் வண்டி

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய புதுப் பாம்பன் பாலத்து வீடியோவைப் பார்த்தோம். அம்மா மூன்று முறை பார்த்துவிட்டாள். ராமேஸ்வரம் ரயிலைத் தாத்தா ஏன் கடைசிவரை "பிராஞ்ச் வண்டி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

தாத்தா சொன்னதில் தவறே இல்லை. பாம்பன் அந்தக் காலத்தில் ஜங்ஷன். 1914இல் கடல் பாலம் திறந்த பிறகு, மெயின் லைன் மண்டபத்திலிருந்து பாம்பன் வந்து, அங்கிருந்து 24 கிலோமீட்டர் மணலில் ஓடித் தனுஷ்கோடியில் முடிந்தது. ராமேஸ்வரத்துக்குப் பிரிந்தது 10 கிலோமீட்டர் கிளைதான். ராமநாத சுவாமியே பிராஞ்ச் லைனில்தான் குடியிருந்தார், போ! எழும்பூரில் கிளம்பும் போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போகும். அங்கே கப்பல் ஏறினால் தலைமன்னார், மறுபடி ரயில், பிறகு கொழும்பு. அத்தனைக்கும் ஒரே டிக்கெட். மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடிந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிக் குடும்பங்களும் பாம்பனைக் கடந்துதான் போயின.

தாத்தா அங்கே பாயிண்ட்ஸ்மேன், வண்டி போகும் பாதையை மாற்றிவிடுபவர். லீவர் நிமிர்ந்து நின்றால் தனுஷ்கோடி, தன் பக்கம் இழுத்தால் ராமேஸ்வரம். உப்புக் காற்றில் அது இறுகிக்கொள்ளும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் என்னை இழுக்கச் சொன்னார். இரண்டு கைகளாலும் பிடித்துத் தொங்கினேன். அசையவில்லை. அவர் ஒரு காலை முட்டுக் கொடுத்து இழுத்தார். தூரத்தில் தண்டவாளம் 'டக்' என்று நகர்ந்து ஒட்டிக்கொண்டது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவு நெருங்கும்போது பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடி போய்ச் சேரவில்லை. புயலில் வண்டியோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. அன்றிரவு தாத்தாவுக்கு டியூட்டி இல்லை. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

புயல் பிய்த்தெறிந்த பாலத்தை ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையை மறுபடி போடவேயில்லை. ஊரே மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. கிளை மெயின் லைன் ஆனது. இரண்டாவது பாதை இல்லாத இடத்தில் பாயிண்ட் எதற்கு? தாத்தாவுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். பேச்சை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. "பிராஞ்ச் வண்டி வந்துவிட்டதா?" என்று கேட்டால் எங்கள் வீட்டில் மணி ஆறு என்று அர்த்தம்.

பொங்கலுக்கு வரும்போது பாம்பனிலேயே இறங்கு. தனுஷ்கோடிக்குப் பஸ்ஸில் போகலாம். ஸ்டேஷனின் இடிந்த சுவர்கள் இன்னும் நிற்கின்றன. காற்று பலமாக அடித்தால் வண்டியைப் பாலத்துக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். பதறிப்போய் எங்களுக்குப் போன் செய்யாதே. நெத்திலிக் கருவாடு காய்கிறது. திரும்பும்போது எடுத்துப் போக டப்பா கொண்டு வா.

அன்புடன்,
அப்பா