ஹைட் பார்க் பீரங்கியைப் போய்ப் பார்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் வலி பழையபடிதான். மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டார். போனில் நீ இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அலுவலகத்திலிருந்து யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால் சொல்ல நினைத்ததைக் கடிதமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வேறு எதையும் கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். முதல் உலகப் போரில் சென்னை மேல் குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பெரியம்மாவின் பேரனுக்கு முதல் உலகப் போரைப் பற்றிப் பள்ளியில் ஏதோ எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அவனை அழைத்துக்கொண்டு செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். எம்டன் சுட்ட குண்டின் சிதறலைக் கண்டதும் அவன் முகம் வாடிவிட்டது. "இவ்வளவுதானா சின்னப் பாட்டி?" என்றான். வாளும் துப்பாக்கியும் பதக்கமும் வரிசையாக இருக்கும் இடத்தில் கறுத்துப்போன ஓர் இரும்புத் துண்டு குழந்தையின் கண்ணுக்குப் பெரிதாகவா தெரியும்? அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீ அவன் வயதில் அதே அருங்காட்சியகத்தில் நின்றுகொண்டு, "இதில் குண்டின் வெளிப்பக்கம் எது, உள்பக்கம் எது அம்மா?" என்று கேட்டாய். அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கே தோன்றாத கேள்வி அது. வெளிப்பக்கம் கடைசலில் இழைத்த வழவழப்போடு இருக்கும், உள்பக்கம் குழிந்திருக்கும், வெடித்த விளிம்பு மட்டும் கிழிந்த துணியைப் போல் பிசிறு பிசிறாக இருக்கும் என்று நான் சொல்லச் சொல்ல, நீ கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாய். அன்றைக்கே இவன் என் பிள்ளை என்று நினைத்தேன். ஓய்வு பெறும் வரை கூட வேலை செய்தவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் குடியேறி இத்தனை ஆண்டுகளாகிவிட்டன. கடற்கரைப் படம் வருகிறது, ஒபரா ஹவுஸ் படம் வருகிறது. அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஹைட் பார்க்கின் தெற்கு மூலையில், எம்டனின் பீரங்கி ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் படம் மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை. கேட்டபோதெல்லாம் பார்க்கிறேன் அம்மா, பார்க்கிறேன் அம்மா என்றாய். இங்கே இருப்பது அந்தக் குண்டின் சிதறல். அங்கே இருப்பது அதே கப்பலின் பீரங்கிக் குழல். இந்த இரண்டையும் பார்க்கும் வாய்ப்பு நம் குடும்பத்தில் உனக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது. அதை நீ பொருட்படுத்தாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்தச் சிறுவனுக்குச் சொன்னதை உனக்கும் ஒரு முறை சொல்கிறேன். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி அளவில் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு மூவாயிரம் கெஜத்துக்குள் வந்து நின்றது. அப்போது நகரத்தின் கலங்கரை விளக்கம் உயர் நீதிமன்றத்தின் பெரிய கோபுரத்தில் எரிந்துகொண்டிருந்தது. ஊரில் யாரும் விளக்கை அணைத்து வைத்திருக்கவில்லை. கடலில் இருந்தவர்களுக்கு அந்த வெளிச்சமே கரையைக் காட்டிக் கொடுத்துவிட்டது. கேப்டன் வான் முல்லர் தேடுவிளக்கைப் போட்டு, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் குறிபார்த்துச் சுட்டார். அரை மணி நேரத்துக்குள் 130 குண்டுகள். இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன, வேறு சில சேதமடைந்தன, துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்றும் அடிபட்டது, குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். கரையிலிருந்த பீரங்கிகள் சரியாகத் திருப்பிச் சுடுவதற்குள் எம்டன் விளக்கை அணைத்துக்கொண்டு இருட்டில் மறைந்துவிட்டது. ஒரு குண்டு உயர் நீதிமன்ற வளாகத்துச் சுவரைத் தாக்கியது. அதை நினைவூட்டும் பலகை இன்றும் அங்கே இருக்கிறது. அப்பா அதன் வழியாக எத்தனையோ ஆண்டுகள் வேலைக்குப் போயும், நான் காட்டும் வரை பார்த்ததில்லை.

என் பாட்டி அந்த இரவு முத்தியாலுப்பேட்டை வீட்டில் இருந்த கதை உனக்குத் தெரியும். மறுநாள் ரயிலடியில் நின்ற கூட்டம், கிணற்றில் இறக்கிவிட்டுப் போன பித்தளைப் பாத்திரங்கள், கடையை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாக நின்ற கொள்ளுத்தாத்தா, போனால் இருவரும் போவோம், இல்லாவிட்டால் குண்டு விழட்டும் என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்ட கொள்ளுப்பாட்டி. இதையெல்லாம் நீயே உன் மனைவியிடம் திருமணமான புதிதில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாய். அவளும் எனக்கு மறுபடி சொல்லிக் காட்டினாள். ஆயிரக்கணக்கானவர்கள் ஊரை விட்டுப் போன அந்த நாட்களுக்கு அருங்காட்சியகத்தில் தனிப் பேழை கிடையாது. அந்த இரும்புச் சிதறல்தான் அதற்கும் சேர்த்துச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

எம்டனின் முடிவு உங்கள் ஊர்க் கப்பலின் கையில்தான் இருந்தது. சென்னையை விட்டுப் போன பிறகு பினாங்கில் ஒரு ரஷ்யக் கப்பலையும் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டு, நவம்பர் 9ஆம் தேதி காலை கொக்கோஸ் தீவுகளில் தந்தி நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கியது. அவ்வழியாகக் கொழும்பை நோக்கிப் போன படைக்கப்பல்களுக்குக் காவலாக வந்த சிட்னி என்ற போர்க்கப்பல் செய்தி கேட்டு விரைந்து வந்தது. எம்டனில் இருந்தவை பத்துப் பீரங்கிகள், எல்லாம் 10.5 சென்டிமீட்டர் வாய். சிட்னியின் பீரங்கிகள் ஆறு அங்குல வாய் கொண்டவை. எட்டத்தில் நின்றே அடிக்க முடிந்த கப்பலுக்கு முன் எம்டன் என்ன செய்யும்? வான் முல்லர் வடக்குக் கீலிங் தீவின் பவளத்திட்டில் கப்பலைக் கொண்டுபோய் ஏற்றினார். எம்டனில் 134 பேர் இறந்தார்கள், சிட்னியில் நான்கு பேர். சென்னையில் இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது இவர்களையும் நான் சேர்த்தே சொல்வேன். அவர்களுக்கும் அம்மாக்கள் இருந்திருப்பார்கள்.

உடைந்த அந்தக் கப்பலிலிருந்து எடுத்த பீரங்கிதான் 1917 டிசம்பரில் ஹைட் பார்க்கில் நிறுவப்பட்டது. ஒரு பக்கமாகத் திரும்பிச் சுடும்போது பத்தில் ஐந்து பீரங்கிகளைத்தான் பயன்படுத்த முடியும். ஆகவே நீ பார்க்கப் போகும் குழல்தான் சென்னையைச் சுட்டது என்று யாரிடமும் அடித்துச் சொல்லிவிடாதே. பொருளுக்கு உரிமையில்லாத பெருமையை அதன் தலையில் கட்டக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார் என்று இங்கே இன்னும் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அவர் அப்போது சூரிச்சில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அந்த அக்டோபரில்தான் பெர்லினுக்குப் போனார். அவருடைய உண்மையான வாழ்க்கையே போதுமான அளவு பெரியது. பெரியம்மாவின் பேரனும் இதைத் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தான், நான் அடித்துவிட்டேன். அவனுக்குக் கோபம். உனக்கும் அந்த வயதில் அதே கோபம் வந்தது.

போகும்போது தனியாகப் போகாதே. இருவரும் சேர்ந்து போங்கள், குழந்தையையும் அழைத்துக்கொள்ளுங்கள். பீரங்கியின் வாய்ப்பக்கமாக நின்று உள்ளே பார்க்க முடிந்தால், குழலின் உட்சுவரில் திருகுபோல் ஓடும் பள்ளங்கள் தெரிகின்றனவா என்று பார். குண்டின் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு செம்புப் பட்டை இருக்கும். வெடிமருந்து தள்ளும்போது அந்த மெல்லிய செம்பு பள்ளங்களில் அழுந்தி, ஏறத்தாழ 17 கிலோ எடையுள்ள குண்டைச் சுழல வைக்கும். சுழன்று போனால்தான் குறி தப்பாது. அதனால் சுடப்பட்ட குண்டின் செம்பில் சாய்வான கோடுகள் பதிந்திருக்கும். சுடாத குண்டில் அவை இருக்காது. நான் பணியில் இருந்தபோது வயதான ஒருவர் தம் வீட்டுப் பரணில் கிடந்த ஒரு சில்லைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு வந்து, எம்டன் குண்டா பாருங்கள் அம்மா என்றார். விரல்கடை நீளத்துக்குச் செம்பு ஒட்டியிருந்தது. உருப்பெருக்கியை வைத்ததும் அந்தச் சாய்வுக் கோடுகள் தெரிந்தன. பீரங்கியிலிருந்து பாய்ந்து வந்த குண்டுதான் என்பதில் ஐயமில்லை.

அவர் அதற்கு ஆண்டுதோறும் கறுப்பு வண்ணம் பூசி வைத்திருந்தார். அவ்வளவு மரியாதை. ஆனால் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், அதுவும் கடல் காற்று படும் ஊரில், இரும்புதான் முதலில் அரிக்கும். வண்ணத்துக்கு மேலே ஒன்றும் தெரியாது. ஊசியால் ஓர் இடத்தில் நீக்கிப் பார்த்தபோது உள்ளே செதில் செதிலாகப் பொரிந்திருந்தது. வண்ணம் முழுவதையும் எடுத்து, காஸ்டிக் சோடா கரைத்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே வந்தோம். ஒவ்வொரு முறையும் அந்த நீரில் கொஞ்சம் எடுத்து, நைட்ரிக் அமிலம் விட்டு, ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால், உப்பு இருக்கும் வரை பால் கலந்ததுபோல் வெளுக்கும். பல மாதங்கள் வெளுத்துக்கொண்டேதான் இருந்தது. பெரியவர் வந்து வந்து கேட்டுப் போவார். கடைசியில் தெளிவாக நின்றதும், உலர்த்தி, டானிக் அமிலம் தடவி, மெழுகு பூசிக் கொடுத்தோம். சீக்கிரம் ஆகிவிட வேண்டும் என்று அவசரப்பட்டு முன்னாலேயே மெழுகு பூசியிருந்தால் உள்ளிருந்த உப்பு எல்லாவற்றையும் தின்றிருக்கும். இதை உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். மறுபடியும் சொல்லத் தோன்றியது.

ஹைட் பார்க்கோடு நிறுத்திவிடாதீர்கள். சிட்னி கப்பலை 1929இல் உடைக்கத் தொடங்கியபோது அதன் கொடிமரத்தைக் காப்பாற்றி பிராட்லிஸ் ஹெட் முனையில் நட்டிருக்கிறார்கள். முகப்பின் ஒரு துண்டு துறைமுகப் பாலத்தின் அருகே மில்சன்ஸ் பாயின்ட் கரைச்சுவரில் இருக்கிறது. கான்பெராவில் இருக்கும் போர் நினைவகத்தில் எம்டனின் மணி இருக்கிறது. அங்கேயே அந்த வெள்ளிப் பதக்கங்களையும் பாருங்கள். எம்டன் சீனக் கரையில் சிங்டாவோவில் நிலைகொண்டிருந்த கப்பல். அங்கே வணிகத்தில் புழங்கியது மெக்சிகோ வெள்ளி டாலர். உடைந்த கப்பலிலிருந்து அந்தக் காசுகளை மீட்டு, ஆயிரம் காசுகளுக்கு மேலே ஒரு கிரீடத்தைப் பொருத்திப் பதக்கமாக்கினார்கள். மெக்சிகோவில் அச்சடித்து, சீனத்தில் புழங்கி, ஜெர்மானியரின் கப்பலில் ஏறி, நம் கடலைக் கடந்து, ஆஸ்திரேலியரின் பெட்டிக்குள் போன காசு. எத்தனை நூல்கள் படித்தாலும் அந்தப் போர் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதை ஒரு காசைப்போல் எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

கான்பெரா காரில் மூன்று மணி நேரம் என்கிறார்கள். மூன்று மணி நேரம் ஒரே காரில் உட்கார்ந்து போவது நல்லது. வழியில் பேச நேரம் இருக்கும். வேலை இருக்கிறது என்று சொல்லாதே. வேலை எல்லாருக்கும் இருக்கிறது. இந்த முறை இருவரும் சேர்ந்து போங்கள் என்று சொல்வதைத் தட்டாதே. கடந்த சில சனிக்கிழமைகளாகக் குழந்தை போனில் பேசும்போது பின்னால் தெரிந்த சுவர் உங்கள் வீட்டுச் சுவராக இல்லை. அது பச்சை நிறம். நான் எதுவும் கேட்கவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை.

பீரங்கியைப் படம் எடுக்கும்போது எதிரே நின்று மட்டும் எடுக்காமல், பக்கவாட்டில் ஒன்று, பின்புறம் திறந்து மூடும் பகுதியில் ஒன்று, பீடத்தில் ஒன்று எடு. பக்கத்தில் யாராவது நின்றால்தான் அளவு தெரியும், குழந்தையை நிறுத்து. பெரியம்மாவின் பேரனுக்கு அனுப்ப வேண்டும். பீடத்தில் பொறித்திருப்பதைப் படித்துப் பதிவு செய்தும் அனுப்புங்கள். நீ படித்தால் பாதியிலேயே அவசரப்பட்டு நிறுத்திவிடுவாய். உன் மனைவி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகப் படிப்பாள். அவளையே படிக்கச் சொல். எனக்கு அதை அவள் குரலில்தான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா