பேரூராட்சிக்கும் வேண்டும் அவசரக் கடன்

மாநிலங்களுக்கு ரிசர்வ் வங்கி தரும் வழிவகை முன்பணம் எனும் குறுகிய கால அவசரக் கடன் குறித்த தலையங்கம் படித்தேன். வரவு தாமதமானால் ரெப்போ வட்டியில் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் விகிதம்) வாங்கி 90 நாளில் அடைக்கலாம். 2020 கொரோனா நெருக்கடியில் இந்தக் கடனின் உச்சவரம்பு 60 சதவீதம் உயர்த்தப்பட்டது. உள்ளாட்சிகளுக்கோ இந்தக் கதவே இல்லை. அமெரிக்காவில் அதே ஆண்டு, பெருநகரங்களின் குறுகிய காலக் கடன் பத்திரங்களை மத்திய வங்கியே வாங்க முன்வந்தது.

கோபி வட்டாரப் பேரூராட்சி ஒன்றில் குடிநீர்க் குழாய் பதித்தேன். முடிந்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் கையெழுத்தாகியும் பில் தொகை மாதக்கணக்கில் வரவில்லை. 'நிதி வரட்டும்' என்பதே பதில். ஃபைனான்ஸில் வட்டிக்கு வாங்கித்தான் ஆட்களுக்குக் கூலி கொடுத்தேன். ஊராருக்குக் குடிநீர், வட்டி மட்டும் எனக்கு! உள்ளாட்சிகளுக்கு அரசு பகிர்ந்து தரும் மாநில நிதிக்குழு மானியத்தில் பிடித்துக்கொள்ளும் நிபந்தனையுடன், பேரூராட்சிகளுக்கு 90 நாள் கடன் தரும் சுழல்நிதியைத் தமிழக அரசு தொடங்கலாம்.

- ஒப்பந்ததாரர் ஒருவர், ஈரோடு மாவட்டம்