பழைய காரின் இமோபிலைசர்: மோட்டார் காப்புறுதிக் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையில் மோட்டார் காப்புறுதி வழங்கும் கம்பெனிகளுக்கும், திருகோணமலைக் கிளைகளில் எங்களுக்குப் பதில் சொல்லும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். நேராகவே கேட்டுவிடுகிறேன். ஒரு பழைய காரில் ஃபேக்டரி போட்ட இமோபிலைசர், அதாவது சரியான திறப்பு இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு, பழுதாகிவிட்டது, திருத்தவும் வழியில்லை. உரிமையாளர் நல்ல எலெக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து அதை பைபாஸ் செய்து, அதாவது அதன் அனுமதி இல்லாமலே கார் ஸ்டார்ட் ஆகும்படி செய்து, பதிலுக்கு வேறு திருட்டுத் தடுப்பு ஒன்றைப் பொருத்தி, பில்லோடும் படங்களோடும் உங்களிடம் வந்து சொன்னால் ஏற்றுக்கொள்வீர்களா, மாட்டீர்களா? இதை எழுத்தில் தாருங்கள் என்று என் கம்பெனியிடம் கேட்டேன். தொலைபேசியில் பேசியவர், அப்படிச் செய்தால் வாகனம் களவு போனால் ஒரு சதமும் கிடைக்காது என்றார். கிளைக்குப் போனால் அங்கே இருந்தவர், "அதெல்லாம் எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்க செய்யுங்கோ" என்றார். இரண்டாவது பதில்தான் எனக்குக் கூடுதலாகப் பயம் தந்தது. சொல்லாமல் செய்த மாற்றம் நாளைக்கு ஒரு விபத்துக்குப் பிறகு அசெஸரின், அதாவது சேதத்தை மதிப்பிட நீங்கள் அனுப்புபவரின், கண்ணில் பட்டால் என்ன நடக்கும் என்று வாகனம் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

என்னுடையது இரண்டு பேர் இருக்கக்கூடிய, துணிக்கூரை போட்ட ஸ்போர்ட்ஸ் கார், பிரிட்டனில் ஓடிவிட்டு இங்கே வந்தது. 1998 ஒக்டோபரிலிருந்து பிரிட்டனில் புதிதாக விற்கும் கார்களுக்கு இமோபிலைசர் கட்டாயம், அது ஐரோப்பிய விதி. நல்ல விதிதான், அதற்குப் பிறகு அங்கே கார்த் திருட்டு பெருமளவு குறைந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று பொருத்திய இமோபிலைசர் பெட்டிகளுக்கு இன்று இருபத்தைந்து வயது தாண்டிவிட்டது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், உப்புக்காற்றில், மார்கழி மழையில் துணிக்கூரையின் ஓரத்தால் தண்ணீர் ஒழுகி டாஷ்போர்டுக்குக் கீழே இறங்கும் ஊரில் என் கார் கிடக்கிறது.

இந்தச் சாமான் வேலை செய்யும் விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அலுவலர் பலர் இதை ஹாரன் அடிக்கும் அலாரம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திறப்பின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்னச் சிப் இருக்கிறது, பெரும்பாலான கார்களில் அதற்குப் பற்றறி கிடையாது. திறப்பு போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு செப்புக் கம்பிச் சுருள். திறப்பைத் திருப்பியதும் அந்தச் சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும், அதிலிருந்தே சக்தி எடுத்து சிப் தன் அடையாளத்தைச் சொல்லும். அடையாளம் சரி என்றால் இமோபிலைசர் பெட்டி எஞ்சின் கம்ப்யூட்டருக்கு, அதாவது ஈசியூவுக்கு, அனுமதி கொடுக்கும். இல்லை என்றால் பெட்ரோலும் ஸ்பார்க்கும் வராது. சில கார்களில் எஞ்சின் பிடித்து ஒன்றிரண்டு விநாடி ஓடி, கப்பென்று அணைந்துவிடும். என் காரில் நடப்பது அதுதான். ஒரு நாள் பத்துத் தடவை அடித்தாலும் பத்துத் தடவையும் பிடிக்கும், அடுத்த நாள் கோயில் வாசலில் ஒரு மணி நேரம் நின்று கெஞ்சினாலும் பிடிக்காது.

எடுத்தவுடனே பைபாஸ் என்று ஓடவில்லை. என்.சி. வீதிப் பக்கம் இருக்கிற ஒரு வயரிங் அண்ணாதான் பார்த்தார், அவசரப்படாத மனிதர். முதலில் பற்றறியில் மீட்டரை வைத்து, ஸ்டார்ட் அடிக்கும் நேரத்தில் வோல்டேஜ் 9.6க்குக் கீழே இறங்குகிறதா என்று பார்த்தார், அப்படி இறங்கினால் பெட்டி தடுமாறி நல்ல திறப்பையும் மறுக்கக்கூடும். இறங்கவில்லை. எர்த் வயரைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டினார். இரண்டாவது திறப்பைப் போட்டுப் பார்த்தார், அதே கதை. அப்புறம் ஸ்டீயரிங் கம்பத்தின் கீழ் மூடியைக் கழற்றினார். அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு கனெக்டர் இருக்கும், அது ஏர்பேக் உடையது, பற்றறியைக் கழற்றாமல் அதில் கை வைக்கக்கூடாது என்று பக்கத்தில் நின்ற பொடியனுக்கும் சொல்லிக் கொடுத்தார். சுருளின் கனெக்டரை இழுத்ததும் பின்னில் பச்சைக் களிம்பு, நகத்தால் சுரண்ட மாவாகக் கொட்டியது. துடைத்து, ஸ்ப்ரே அடித்து, திரும்பப் பூட்டியதில் கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பிறகு பழையபடி. கடைசியில் பெட்டியையே திறந்தோம், உள்ளே சர்க்கிட் போர்டில் தண்ணீர் நின்ற தடம், செப்புக் கோடுகள் அரிக்கப்பட்டுக் கிடந்தன. "தம்பி, இது வீட்டுக்காரனையே மறந்துபோன காவல்காரன், இனி நம்பேலாது" என்றார்.

சரி, புதிதாக வாங்கலாமே என்பீர்கள். அந்தப் பெட்டியை இப்போது செய்வதில்லை. பழைய காரிலிருந்து கழற்றியதை வாங்கினால் பெட்டி, ஈசியூ, திறப்பு மூன்றும் ஒரே காரிலிருந்து சேர்த்து வர வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாது. வந்தாலும் அதுவும் இதே வயதுப் பெட்டிதான். சில கார்களுக்கு ஏஜென்சியில் கேட்கவே வழியில்லை. எம்.ஜி. ரோவர் என்ற பிரிட்டிஷ் கார்க் கம்பெனி 2005 ஏப்ரலில் முறிந்துபோனது, அதன் எம்ஜிஎஃப் காரை வைத்திருப்பவரிடம் "தயாரித்தவரிடமிருந்து கடிதம் கொண்டு வாருங்கள்" என்று சொன்னால் அவர் எங்கே போவார்?

இனி பைபாஸ் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. கராஜ்களில் நடப்பதை நானும் பார்த்திருக்கிறேன். பழைய மாதிரிகளில் இமோபிலைசர் என்பது ஸ்டார்ட்டர், இக்னிஷன், பெட்ரோல் பம்ப் வயர்களை இடையில் துண்டிக்கும் ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள், மட்டும்தான். அதை பைபாஸ் செய்கிறேன் என்று வயரை வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். பம்ப் இழுக்கும் கரண்டுக்கு அந்த முறுக்கு சூடேறி, இளகி, ஒரு நாள் ஓட்டத்தில் எஞ்சினை நிறுத்தும், அல்லது புகையும். ஃபேக்டரி இமோபிலைசர் பொதுவாக ஸ்டார்ட் ஆகும் நேரத்தில்தான் தடுக்கும், ஓடிக்கொண்டிருக்கும் காரை நடுவீதியில் நிறுத்துவது இந்த மாதிரி வேலைதான். இதற்குக் காப்புறுதி இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் உங்கள் பக்கம்.

இன்னொரு வழி, வேலை செய்யும் ஒரு திறப்பின் சிப்பை எடுத்துச் சுருளுக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாக ஒட்டி வைப்பது. திறப்புத் தலை மட்டும் உடைந்தவர்கள் இதைச் செய்கிறார்கள். கார் ஓடும், ஆனால் வெட்டிய வெறும் திறப்பாலும் ஓடும், பெட்டி செத்த காரில் இதனால் ஒரு பயனும் இல்லை. மூன்றாவது வழி, ஈசியூவின் நினைவகத்தில் இமோபிலைசரைக் கேட்கும் பகுதியை மட்டும் முறையாக நிறுத்திவிடுவது. எந்த வயரையும் வெட்டுவதில்லை, மூல நினைவகத்தைப் பிரதி எடுத்து வைத்தால் திரும்பப் பழையபடி ஆக்கலாம். நான் செய்ய நினைப்பது இதைத்தான். கூடவே பம்ப் வயரில் சரியான அளவு ரிலேயும் பியூஸும் போட்டு மறைவான ஒரு சுவிட்ச், ஸ்டீயரிங் பூட்டு, ஜிபிஎஸ் டிராக்கர். இப்போது இருப்பதைவிடக் களவெடுக்கக் கஷ்டமான காராக அது இருக்கும்.

ஃபேக்டரி இமோபிலைசருக்கு நீங்கள் கொடுக்கும் மரியாதையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் பல கோடி கார்த் திறப்புகளில் இருந்த 40 பிட் சிப் ஒன்றின் ரகசியத்தை ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆர்எஸ்ஏ என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கம்பெனியின் ஆய்வகத்தோடு சேர்ந்து 2005இலேயே உடைத்துக் காட்டினார்கள். மெகாமோஸ் என்ற இன்னொரு சிப்பின் பலவீனத்தை வெளியிடாமல் தடுக்க ஃபோக்ஸ்வாகன் 2013இல் லண்டன் நீதிமன்றம் வரை போனது, 2015இல் அதுவும் வெளிவந்துவிட்டது. ஆக, அது வேலை செய்தாலே உங்கள் பணத்துக்குப் பெரிய பாதுகாப்பு என்று இன்று சொல்ல முடியாது.

வேலை செய்யாத இமோபிலைசர் எங்கள் உயிருக்கு என்ன பாதுகாப்பு என்பதையும் கேட்க வேண்டும். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை இருட்டினால் யானை வீதிக்கு வரும். அந்த இடைவெளியில் ஏதோ ஒரு காரணத்துக்கு எஞ்சினை நிறுத்திவிட்டு, திரும்ப ஸ்டார்ட் ஆகுமா ஆகாதா என்று தெரியாமல் துணிக்கூரைக்குக் கீழே குடும்பத்தோடு இருப்பதை நினைத்துப் பாருங்கள். பெட்ரோல் அடிக்கும்போதுகூட எஞ்சினை நிறுத்தப் பயப்படுகிற ஆட்களை எனக்குத் தெரியும். அது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பைபாஸ் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடாமல், எந்த முறையை ஏற்பீர்கள், எதை ஏற்கமாட்டீர்கள் என்று ஒரு பக்கத்தில் மூன்று மொழியிலும் எழுதிக் கிளைகளுக்கு அனுப்புங்கள். வேலை செய்தவரின் பில், உரிமையாளரின் வாகனப் பதிவுப் புத்தகப் பிரதி, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் கேளுங்கள், தருகிறோம். வேண்டுமானால் உங்கள் அசெஸரையே அனுப்பிப் பாருங்கள், அதற்கான கட்டணத்தையும் கட்டுகிறோம். பார்த்துச் சரி என்றால் பொலிசியில் ஒரு வரி சேருங்கள், பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

என் பொலிசி அடுத்த மாதம் புதுப்பிக்க வருகிறது. வயரிங் அண்ணா தந்த எஸ்டிமேட் கையில் இருக்கிறது, கார் முற்றத்தில் நிற்கிறது. உங்கள் பதில் வரும்வரை ஒரு வயரையும் தொடமாட்டேன். சம்மதம் என்றால் அந்த ஒரு வரியை எழுதித் தாருங்கள். முடியாது என்றாலும் காரணத்தைப் போட்டு, கையொப்பம் வைத்துத் தாருங்கள், அதை எடுத்துக்கொண்டு உங்களை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழுவிடம் போய்க் கேட்கிறேன்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து உங்கள் காப்புறுதிதாரர் ஒருவர்